மெழுகு சுடாத கை

என் நோய் தொடங்கியபோது ஊரே என்னை மெச்சியது. 

எழுபதுகளின் நடுவில் நடந்தது. ஒதியம்பட்டுப் பக்கத்தில் எங்கள் ஊர். அக்டோபர் மாதம் முழுக்க மாதா சுரூபத்தை (சிலையை) வீடு வீடாக எடுத்துப்போய், பொழுது சாயும் நேரத்தில் ஜெபமாலை சொல்வோம். முன்னால் நின்று சொல்லிக்கொடுப்பவள் ஆரோக்கியம் என்கிற நான். எனக்குக் குரல் பெரிது, வாய் அதைவிடப் பெரிது. மகள் செல்விக்கு அப்போது மூன்று மாதம். அவளை இடது தோளில் சாய்த்துக்கொண்டு, வலது கையில் மெழுகுவர்த்தி பிடித்திருப்பேன்.

காற்றடித்தால் மெழுகு வழிந்து கையில் விழும். மற்றவர்கள் கையை உதறுவார்கள். எனக்குச் சுடவில்லை. சுண்டுவிரலிலும் மோதிரவிரலிலும் மெழுகு உறைந்து நிற்க, நான் பாட்டுக்கு ஜெபம் சொல்லிக்கொண்டிருப்பேன். "ஆரோக்கியத்தப் பாரு, இம்மாம் மெழுகு கொட்டுது, அசையறாளா?" என்று பெண்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு எனக்கு இனித்தது. மாதா கொடுத்த வரம் என்றே நம்பினேன். சுண்டுவிரலுக்குக் கீழே வெளிறிய தேமல் ஒன்று இருந்தது. பிள்ளை பெற்ற உடம்பு, சத்துக் குறைச்சல் என்று அதைக் கண்டுகொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு பிலோமினா என்னைவிட இளையவள், அவளுக்கும் கைக்குழந்தை. ஒருநாள் மெழுகு சுட்டு, வர்த்தியைக் கீழே போட்டுவிட்டாள். எல்லார் முன்னாலும் அவளைப் பிடித்துக்கொண்டேன். "இந்தச் சூட்டுக்கே இந்தத் துள்ளு துள்றியே, விசுவாசம்னு ஒண்ணு இருக்குதாடி உனுக்கு?" அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கோ சரியாகக் கேட்டுவிட்ட திருப்தி.

மாதத்தின் கடைசி நாள், வர்த்தி அடிவரை எரிந்து சுண்டுவிரல் பக்கம் சாய்ந்துவிட்டது. அதே பிலோமினாதான் கத்தினாள்.

"அக்கா! கை! கை எரியுதுக்கா!"

குனிந்து பார்த்தேன். சுடர் என் சுண்டுவிரலைத் தொட்டு எரிந்துகொண்டிருந்தது. தோல் பொசுங்கும் வாடை வந்தது. வலி மட்டும் வரவில்லை. கூட்டத்தில் யாரோ "மரியே வாழ்க" என்றார்கள். நானும் கண்ணை மூடி மிச்ச ஜெபத்தைச் சொல்லி முடித்தேன். எப்பேர்ப்பட்ட மடச்சி நான்!

கிறிஸ்துமஸ் வந்தும் புண் ஆறவில்லை. என் கணவர் லூர்து, மில் தொழிலாளி, ஒருநாள் லீவு போட்டு என்னையும் பிள்ளையையும் சைக்கிளில் ஏற்றி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். டாக்டர் புண்ணைவிடத் தேமலைத்தான் அதிக நேரம் பார்த்தார். என் முழங்கையை மடக்கி, உட்பக்கம் ஓடும் நரம்பை விரலால் உருட்டிப் பார்த்தார். பிறகு ஒரு பஞ்சை எடுத்துத் திரித்தார்.

"கண்ண மூடிக்கங்கம்மா. நான் தொடறப்பல்லாம் சொல்லுங்க."

மூடிக்கொண்டேன். காத்திருந்தேன். வெளியே யாரோ டோக்கன் நம்பர் கூப்பிடுவது கேட்டது.

"தொடுங்க டாக்டர்" என்றேன்.

"ஆறு தடவ தொட்டுட்டேம்மா."

கண்ணைத் திறந்தேன். பஞ்சு என் விரல்மேல் இருந்தது. லூர்துவின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்.

தொழுநோய் என்றார் டாக்டர். எனக்கு வந்தது சில இடங்களில் மட்டும் தேமலும் மரமரப்பும் காட்டும் வகை. கிருமி மிகக் குறைவு, பிறருக்குப் பரவாது. டாப்சோன் (கிருமியை அடக்கும் வெள்ளை மாத்திரை) சில வருடம் விடாமல் சாப்பிட வேண்டும். பிள்ளைக்குத் தாராளமாகப் பால் கொடுக்கலாம். எல்லாம் பொறுமையாகச் சொன்னார். என் காதில் முதல் வார்த்தைக்குப் பிறகு எதுவும் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செல்வியைப் பாயில் கிடத்தினேன். அதற்குமேல் அவளைத் தொடவில்லை. வீறிட்டு அழுதாள். லூர்து கெஞ்சினார், திட்டினார். "ஒட்டாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு, அப்பறம் இன்னாடி உனுக்கு?" நான் சுவரோடு ஒட்டி உட்கார்ந்திருந்தேன். வேறு வழியில்லாமல் அவர் பிலோமினாவிடம் விஷயத்தைச் சொல்லி, பிள்ளையைக் கொடுத்துவிட்டு வந்தார்.

எட்டு நாள். சுவருக்கு அந்தப் பக்கம் பிள்ளை அழும், இந்தப் பக்கம் எனக்குப் பால் சுரந்து ரவிக்கை நனையும். கோயிலுக்குப் போகவில்லை. வீட்டிலிருந்த மாதா படத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். என் பிள்ளையை நான் இனி தூக்கவே மாட்டேன் என்று முடிவு கட்டியிருந்தேன்.

ஒன்பதாம் நாள் பகலில் பிலோமினா வந்தாள். திருப்பி வைத்த படத்தைப் பார்த்தாள்.

"இன்னாக்கா இது?"

"அவ என்னிய மோசம் பண்ணிட்டாடி. வரம்னு நெனச்சேன். வியாதியக் குடுத்திருக்கா."

"மாதாவா வந்து உனுக்கு வரம்னு சொன்னா? நாமதான சொன்னோம். நானுந்தான் சொன்னேன்." இடுப்பிலிருந்த செல்வியை நீட்டினாள். "ரெண்டு புள்ளைக்கு எங்கிட்ட பால் பத்தலக்கா. புடி."

நான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன். அவள் செல்வியை என் மடியில் போட்டுவிட்டு, என் வலது கையை இழுத்து, அந்தத் தேமலைத் தன் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டாள். எல்லார் முன்னாலும் நான் அவமானப்படுத்திய பெண்.  செல்வி என் மார்பைத் தேடிப் பிடித்துக்கொண்டாள். அன்று நான் அழுத அழுகையில் நாலு வீடு கூடிவிட்டது.

அழுது முடித்தபின் ஜெபம் சொல்லப் பார்த்தேன். குரல் வரவில்லை. "ஆண்டவரே" என்று மனசுக்குள் ஒரே ஒரு தரம் சொன்னேன். அத்தனை வருடம் மைக் இல்லாமலே ஊருக்குக் கேட்கிற மாதிரி ஜெபித்த எனக்கு, அந்த ஒரு சொல்லில் கிடைத்த சமாதானம் அதுவரை கிடைத்ததில்லை. அடுத்த சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் (குருவிடம் பாவத்தை அறிக்கையிடுவது) அகங்காரம் என்று அழுத்திச் சொன்னேன். அதற்கு முன்பெல்லாம் மற்றவர்கள் என்னைக் கோபப்படுத்தியதைத்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

உணர்வில்லாத கையில் காயம் பட்டால் தெரியாது, தினமும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார் டாக்டர். சாயங்காலம் ஆத்தும சோதனை (அன்று செய்த தவறுகளை நினைத்துப் பார்ப்பது) செய்யும்போதே கையையும் விரித்துப் பார்க்கப் பழகினேன். இங்கே ஒரு கீறல், அங்கே யாரையோ சுட்ட ஒரு பேச்சு. இரண்டும் நேரும்போது தெரிவதில்லை, பார்த்தால்தான் தெரிகிறது. பரபரவென்று ஓடியவள், எதையும் கண்ணால் பார்த்துத் தொடுகிறவளாக, மெதுவானவளாக ஆனேன்.

உங்கள் தோலில் உணர்வில்லாத தேமல் இருந்தால் இன்றைக்கே டாக்டரிடம் போங்கள். ஜெபமும் பண்ணுங்கள். ஆனால் வலிக்காததை வரம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

நாலு வருடத்துக்குமேல் மாத்திரை சாப்பிட்டேன். நோய் நின்றது. தேமல் மங்கியது. இரண்டு விரல்களுக்கு மட்டும் உணர்வு திரும்பவே இல்லை.

செல்வி அந்த இரண்டு விரல்களைப் பிடித்துக்கொண்டுதான் பூசைக்கு நடந்து வருவாள். பிடித்திருக்கிறாளா, விட்டுவிட்டாளா என்று எனக்குத் தெரியாது. அடிக்கு ஒருதரம் குனிந்து பார்ப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை வில்லியனூர் ரோட்டில் குனிந்தேன். விரலில் பிள்ளை இல்லை. எதிரே பஸ் வருகிறது.  "செல்வி!" என்று அலறினேன்.

இடது கையை யாரோ இறுக்கிப் பிடித்தார்கள்.

"இங்கதாம்மா கீறேன்" என்றாள். "இந்தக் கையப் புடிச்சாத்தான உனுக்குத் தெரியும்?"