ஒருசந்தியும் ஊசியும்

பெரிய வெள்ளியன்று காலை ஆறரைக்குத் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். புதுச்சேரி நாற்பது கிலோமீட்டர்கூட இல்லை. பஸ் நிலையத்திலிருந்து முதலியார்பேட்டைக்கு ஆட்டோக்காரர் நூற்றைம்பது கேட்டார். சிலுவைப்பாதை புறப்பட்டுவிடுமே என்று பேரம் பேசாமல் ஏறிக்கொண்டேன். கடற்கரையைப் பார்க்க வருகிறவர்கள் வரட்டும், நான் இந்த ஊருக்கு வருவது அக்கா எலிசபெத்தோடு வருடத்துக்கு ஒருமுறை அந்த ஊர்வலத்தில் நடக்கத்தான்.

மாமா, அக்காவின் கணவர், மில் வேலை போன பிறகு காலமாகிவிட்டார். அக்கா தனியாக இருக்கிறாள். சில வருடங்களாகச் சர்க்கரைக்குக் காலையும் இரவும் இன்சுலின் ஊசி. போனதும் காபி கேட்டேன். இன்று ஒருசந்தி, சாயங்காலம் ஒரு வேளைக் கஞ்சிதான் என்று முறைத்தாள். நோயாளிகள் ஒருசந்தி இருக்க வேண்டியதில்லை என்று சாமியாரே பூசையில் சொன்னாராம். அது மற்ற நோயாளிகளுக்கு என்பது அவள் எண்ணம்.

ஒன்பது மணிக்கு வெயில் தார் ரோட்டில் கொதித்தது. ஊர்வலம் நின்று ஜெபிக்கும் ஸ்தலங்களில் ஆறாவது வரை கணீரென்று பாடிக்கொண்டு வந்தவள், பிறகு பின்தங்கினாள். திரும்பிப் பார்த்தேன். சேலை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கையைப் பிடித்தால் அந்த வெயிலிலும் சில்லென்று இருந்தது.

"தம்பி, அம்மா எங்க? முன்னால போயிட்டாங்களா?" என்றாள்.

அம்மா செத்துப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

"அக்கா, காலைல ஊசி போட்டியா?"

"போட்டுட்டேன். அத விடலாமா?"

சாப்பாட்டுக்கென்று போடும் ஊசி. சாப்பாடோ இல்லை. சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று நினைத்தேன், நிச்சயமாகத் தெரியாது. ரோட்டோரம் கரும்புச்சாறு வண்டி நின்றது. ஓடிப்போய் ஒரு டம்ளர் வாங்கி வந்தேன். ஊர்வலத்தில் வந்த அக்காவின் பக்கத்து வீட்டுப் புஷ்பா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சுகர்காரங்களுக்குக் கரும்புச்சாறா? கொன்னுடப் போறீங்க."

சொன்னதில் என்ன தப்பு? நானே மூன்று வருடமாக அக்காவிடமிருந்து இனிப்பைப் பிடுங்கி வைத்தவன். அவர் பிடியை உதறியதில் பாதிச் சாறு சிந்திவிட்டது. தப்பாகப் போனால் இவளைக் கொன்றவன் நான் என்ற நினைப்போடுதான் டம்ளரை வாயருகே கொண்டுபோனேன். அக்கா ஒருசந்தி என்று முனகி உதட்டை இறுக்கிக்கொண்டாள். கெஞ்சினேன், அதட்டினேன், கடைசியில் அழுதேன். அழுததைப் பார்த்துத்தான் குடித்தாள் என்று நினைக்கிறேன்.

கொஞ்ச நேரத்தில் கண்ணில் தெளிவு வந்தது. முதலில் சொன்னது, "ஒருசந்திய கெடுத்துட்டியேடா."

கதிர்காமம் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிப்போனேன். வழியெல்லாம் அவள் கையை விட எனக்குத் தைரியம் வரவில்லை. சோதித்துப் பார்த்த டாக்டர் அம்மா, சாறு கொடுத்ததுதான் சரி, இன்னும் தாமதித்திருந்தால் மயக்கம், வலிப்புவரை போயிருக்கும் என்றார். பிறகு அக்காவைப் பார்த்துச் சொன்னார்: "ஊசி போட்டுட்டுப் பட்டினி இருக்கக் கூடாது. பட்டினி இருக்கறதுக்காக ஊசிய நீங்களா நிறுத்தறது அதவிட மோசம். எதுவானாலும் எங்கள கேளுங்க."

அன்றிரவு அக்கா வீட்டிலேயே தங்கினேன். அக்கா மூச்சு விடுகிறாளா என்று கேட்டுக்கொண்டே கிடந்தேன். அம்மா நாற்பது நாள் தவக்காலம் முழுதும் ஒரு வேளைதான் சாப்பிட்டாள், அதுவும் கேழ்வரகுக் களியும் கீரையும். மற்ற நாளிலும் அதே சாப்பாடுதான், கூடவே நாள் முழுக்க மில் வேலை. அந்த உடம்புக்குப் பட்டினி பொருந்தியது. அக்காவுடையது மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு சாப்பிட்டு, டிவி முன்னால் உட்கார்ந்து, ஊசியில் ஓடுகிற உடம்பு. அம்மாவிடமிருந்து சாப்பாடு வந்து சேரவில்லை, பட்டினி மட்டும் வந்து சேர்ந்திருக்கிறது.

மறுநாள் மதியம் வேண்டாமென்றாலும் கேட்காமல் பஸ் நிலையம்வரை வந்தாள். ஜன்னல் வழியாக ஒரு வாழைப்பழச் சீப்பைத் திணித்தாள். வண்டி நகரும்போது என்னைத் தேற்றுகிற மாதிரி சிரித்தாள்.

"பயப்படாத தம்பி. அடுத்த வருஷம் ஊசிய விட்டுட்டு ஒருசந்தி இருக்கறேன். அப்ப ஒண்ணும் ஆகாது."

கண்டக்டர் டிக்கெட் கேட்டார். திண்டிவனம் என்று சொல்லாமல், ஊர் எல்லையில் இருக்கும் கோரிமேட்டுக்கு வாங்கினேன். வீட்டில் என் மனைவி காத்திருப்பாள். எங்கள் வீட்டில் யார் என்ன சாப்பிட்டார்கள் என்று பார்க்க ஆள் இருக்கிறது, அக்கா வீட்டில் இல்லை. கோரிமேட்டில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, அக்கா வீட்டுக்குத் திரும்பிப் போகும் பஸ்ஸுக்காக வாழைப்பழத்தோடு நின்றேன்.