எட்டு வீட்டுக்கும் பொதுவான ஒன்று

எங்கள் ஆய்வுக்கூடத்தில் அவருக்கு டப்பாக்காரர் என்று பெயர். வைத்தவன் நான்தான், அதில் எனக்கு வெட்கமும் இல்லை. வாரம் ஒருமுறை எட்டு வீடுகளுக்குச் சைக்கிளில் போவார். தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் எட்டுக் குழந்தைகளின் மலத்தைச் சின்ன டப்பாக்களில் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவருவார். அதற்கு முன்னால் இருபது வருஷம் லிஃப்டில் பட்டன் அழுத்தியவர். "மேலயும் கீழயும் போய்ட்டிருந்தேன், இப்பதான் நேரா போறேன்" என்பார். பிள்ளை இல்லை. அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், நாங்களும் கேட்கமாட்டோம்.

படிவம் நிரப்புவது என் வேலை. சுகப் பிரசவமா, ஆபரேஷனா? மாதம் நிறைந்து பிறந்ததா? ஆன்டிபயாடிக் கொடுத்தார்களா? வீட்டில் மூத்த பிள்ளை, நாய், பூனை உண்டா? தாய் என்ன சாப்பிடுகிறாள்? குழந்தையின் குடலில் எந்தக் கிருமி குடியேறும் என்பதை இதெல்லாம் சேர்ந்துதான் தீர்மானிக்குமாம்.

நாலாவது மாதம் வந்தது வினை. எட்டு டப்பாவிலும் ஒரே கிருமி. கெடுதல் செய்யாதது, ஆனால் அங்கே இருக்கக் காரணமே இல்லாதது. ஒரு வீட்டில் நாய், இன்னொரு வீட்டில் பூனை. மூன்று ஆபரேஷன், ஐந்து சுகப் பிரசவம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் எப்படி முடிச்சுப் போடுவது? காலி டப்பாக்களைச் சோதித்தோம், சுத்தம். ஆய்வுக்கூடத்துத் தண்ணீரைச் சோதித்தோம், அதுவும் சுத்தம். ஆய்வை நடத்தும் டாக்டரம்மாவே என்னைப் போலத் திருதிருவென்று விழித்ததில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான், மறைப்பானேன்.

"எட்டு வீட்லயும் ஒளிச்சு ஒரே டின் பால் குடுக்கறாங்க போல," என்றார் கடைசியில். "அந்த டெய்லர் பொண்ணு குழந்தைக்குத்தான் கிருமி ரொம்ப அதிகமா இருக்கு. போய்க் கேளுங்க. பொய்னா ஆய்வுல இருந்து எடுத்துடலாம்."

போனேன். டெய்லர் பொண்ணு துணி வெட்டும் மேசைக்குப் பக்கத்தில் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். ஆபரேஷனில் பெற்றவள். பால் ஊறாது என்ற மாமியாரின் கண்ணெதிரிலேயே, மிஷினை நிறுத்தி நிறுத்திப் பால் கொடுத்தவள். கேள்வியைக் கேட்டதும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

"நான் அப்பவே சொல்லல?" என்றார் உள்ளேயிருந்து மாமியார். "பால் பத்தாம எதையோ கலக்கிக் குடுத்திருக்கா."

"ஒரு சொட்டு வெளிப்பால் குடுக்கலண்ணா. இவன் மேல சத்தியம்," என்று அழுதாள். யாரை நம்புவதென்றே எனக்குத் தெரியவில்லை. என் படிவத்தில் அழுகைக்குக் கட்டமும் இல்லை.

அம்மா அழ, குழந்தையும் வீறிட்டது. டப்பா வாங்குகிற நாள் அது. டப்பாக்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டு அப்போதுதான் உள்ளே வந்தார். வந்தவர் குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்து, சுண்டு விரலை அதன் வாயில் வைத்தார். அழுகை நின்றது.

"எல்லா வீட்லயும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஆமா. அம்மாங்க டப்பாவுல போட்டு எடுத்துட்டு வர்ற வரைக்கும் நான்தான வச்சிருக்கேன். இவன்தான் லேசுல விரல விடமாட்டான்…"

சொன்னவர் நிறுத்திவிட்டார். விரலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

சோப்புப் போட்டுக் கை கழுவாமல் அவர் எந்த வீட்டையும் விட்டுக் கிளம்பியதில்லை. ஆனால் கழுவியதெல்லாம் டப்பாவைத் தொட்ட பிறகு. குழந்தையிடமிருந்து தன்மேல் எதுவும் ஒட்டக் கூடாதென்று கழுவினார். தன்னிடமிருந்து குழந்தைக்கு ஒட்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை. நாயையும் பூனையையும் விசாரித்த என் படிவம் இந்த மனிதரை விசாரிக்கவே இல்லை. வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம்.

மறுநாள் டாக்டரம்மா அவர் விரலைப் பஞ்சால் துடைத்துச் சோதித்தார். அதே கிருமி. திட்டவில்லை. "இனிமே குழந்தைங்கள தூக்காதீங்க," என்று மட்டும் சொன்னார். டப்பாக்காரர் சரி என்று தலையாட்டினார்.

அடுத்த வாரம் நானும் அவரோடு போனேன். டெய்லர் பொண்ணு வீட்டில் நேராக மாமியார் முன்னால் போய் நின்றார்.

"உங்க மருமக சொன்னது நெசந்தாம்மா. வெளியில இருந்து வந்தது பால் இல்ல, என் விரல்."

மாமியார் உள்ளே போய்விட்டார். குழந்தை டப்பாக்காரரைக் கண்டதும் கையைக் காலை உதறிச் சிரித்தது. அவர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். தூக்கவில்லை என்று தெரிந்ததும் குழந்தை உதட்டைப் பிதுக்கியது.

"என்ன வேடிக்க பாக்கறீங்க?" என்றாள் டெய்லர் பொண்ணு. "சோப்பு அங்க இருக்கு. மொதல்ல கையக் கழுவிட்டு வந்து தூக்குங்க."