தோசைக்கரண்டியும் மக்னீசியமும்

ஹைதராபாத்துக்குக் கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த மூன்றாம் வருடம், நடு முதுகில் ஒரு வலி வந்து குடியேறிவிட்டது. அப்போதெல்லாம் ஆன்சைட் போய்த் திரும்புகிறவர்கள் அமெரிக்காவிலிருந்து சாக்லேட்டும் சத்து மாத்திரையும் கொண்டுவருவார்கள். எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய டப்பா மக்னீசியம். தசைவலி பறந்துவிடும் என்றார் ஒருவர்; கிட்னி போய்விடும் என்றார் இன்னொருவர். கேட்காமலே யோசனை சொல்ல ஆபீசில் ஆளுக்கா பஞ்சம்?

எரிச்சலோடு லோத்குண்டாவில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். தலைமுறைகளாகச் செகந்திராபாத்தில் வாழும் தமிழர். ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

“கிட்னி நல்லா இருக்கும்மா. மக்னீசியமும் குறையல. எடுத்தா கெடுதல் இல்ல, ஆனா வலி போகும்னு நான் சொல்லமாட்டேன். என்னைக் கேட்டா மாத்திரை நக்கோ, வேணாம். தைலம் எழுதித் தர்றேன், வீட்ல யாரையாவது நல்லா அழுத்தித் தேய்ச்சு விடச் சொல்லுங்க.”

“சரி டாக்டர்” என்றேன். வீட்டில் யாருமில்லை என்று சொல்ல வாய் வரவில்லை.

அறைக்கு வந்து கதவைச் சாத்தினேன். தோளுக்கு மேலே கையை விட்டாலும், இடுப்புப் பக்கமாக வளைத்தாலும், வலிக்கும் இடம் எட்டவில்லை. கடைசியில் தோசைக்கரண்டியில் தைலத்தைத் தடவி முதுகில் தேய்த்தேன். அது எட்டியது, அழுத்தத்தான் முடியவில்லை.

மறுநாள் காலை, கரண்டியை எவ்வளவு கழுவியும் தோசையில் தைலம் மணத்தது. இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. தட்டை நகர்த்திவிட்டு மக்னீசியம் டப்பாவைத் திறந்தேன். பலிக்குமோ பலிக்காதோ, அதை விழுங்க இன்னொருவர் கை வேண்டியதில்லை.