வலையை இறக்கச் சொன்ன உமையாள்

செவ்வாய்க்கிழமை காலை மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். அலுவலக உதவியாளர் வந்து நின்றார். "கணக்கு டீச்சரம்மா போயிட்டாகளாம் மிஸ். மூணு நாள் காய்ச்சல்தானாம்" என்றார். வாளியை அப்படியே போட்டுவிட்டுக் கோட்டையூருக்குப் பஸ் ஏறினேன்.

கோட்டையூர் உமையாள், அறுபதுகளின் நடுவில் எங்கள் மகளிர் கல்லூரிக்கு மாணவியாக வந்து, பிறகு இங்கேயே கணித ஆசிரியை ஆனவர். நான் இங்கே உடற்கல்வி ஆசிரியை; கோபக்காரி என்று பெயர் வாங்கியவள். அந்தக் கோபத்துக்கு அசராத ஒரே மாணவி அவர்தான்.

சிறு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு இடது கால் சூம்பியிருந்தது. இரும்புப் பட்டை கட்டித்தான் நடப்பார். விளையாட்டு வகுப்பில் மற்றப் பெண்களின் கைக்கடிகாரங்களையும் செருப்புகளையும் பார்த்துக்கொள்ளும் வேலையை அவருக்குக் கொடுத்திருந்தேன். பாவம், பிள்ளை சும்மா உட்கார்ந்திருக்கிறதே என்றுதான் கொடுத்தேன். ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒருநாள் நான் வருகைப் பதிவு எடுக்கும்போது எழுந்து நின்று கேட்டார்:

"தெனமும் நான் வந்ததாப் போட்டுக்கிறீக மிஸ். நான் என்ன வெளாண்டேன்னு போடுறீக?"

எனக்குச் சுருக்கென்றது. அதையும் கோபமாகத்தான் காட்டினேன். "விழுந்தா யாரு பதில் சொல்றது? உங்க அப்பச்சியைக் கூட்டிட்டு வா" என்றேன். அவள் அப்பா வந்து வேண்டாம் என்று சொல்லிவிடுவார், விஷயம் முடிந்துவிடும் என்று நினைப்பு.

மறுநாளே அப்பச்சி வந்தார். அதிர்ந்து பேசாத மனிதர். "விழுந்துருமோன்னு பயந்து ஆறு வயசு வரைக்கும் இடுப்புலயே வச்சிருந்தோம் டீச்சரம்மா. எறக்கி விட்டப்புறம்தான் நடந்துச்சு. நீங்களும் எறக்கி விடுங்க" என்றார்.

அன்று மாலையே, உமையாள் சொன்னபடி, டென்னிகாய்ட் வலையை, உட்கார்ந்து ஆடத் தோதாக இறக்கிக் கட்டினோம். ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசிப் பிடிக்கிற ஆட்டம் அது. உமையாள் போட்ட விதி ஒன்றே ஒன்றுதான்: எதிரே ஆடுபவரும் தரையில் உட்கார வேண்டும். கல்லூரிச் சாம்பியன் அலட்சியமாக உட்கார்ந்தாள்; தோற்று எழுந்தாள். "விட்டுக் கொடுத்தியாடி?" என்று தோழிகள் கேட்டார்கள். "எங்கிட்டு விட்டுக் கொடுக்க? மூச்சு வாங்குதுடி" என்றாள்.

விளையாட்டு விழாவில் அந்த ஆட்டத்தை, விருந்தினர்கள் காபி குடிக்கும் நேரத்தில் போட்டிருந்தேன். என் புத்தி அப்படி. "அவுக குடிச்சிட்டே வரட்டும் மிஸ். அப்புறம் ஆடுறோம்" என்றார் உமையாள். சொன்னபடி காத்திருந்துதான் ஆடினார்.

ஆசிரியையான பிறகு, மாணவியர் சேர்க்கை நடக்கும் நாட்களில் வாசலிலேயே நிற்பார். காலை இழுத்து நடக்கிற பிள்ளையோ கை விளங்காத பிள்ளையோ வந்தால், என்ன பாடம் என்று கேட்பதற்கு முன்னால், "என்ன வெளாட்டுப் பிடிக்கும்?" என்று கேட்பார். பாதிப் பிள்ளைகளுக்குப் பதில் வராது. அதுவரை யாரும் கேட்டிருந்தால்தானே. நானும்தான் உமையாளிடம் கேட்கவில்லை. அது எனக்கு இன்னும் ஆறவில்லை.

நேற்று மாலை மைதானத்துக்குப் போனேன். வலது கை விளங்காத முதலாண்டு மாணவி தெய்வானை, அந்தத் தாழ்ந்த வலைக்கு அருகில் வளையத்தோடு தனியாக உட்கார்ந்திருந்தாள். "டீச்சர்தான் தெனமும் என்கூட ஆடுவாக. இனி யாரு மிஸ் வருவா?" என்றாள்.

இத்தனை வருடம் நின்றபடி விசில் ஊதியவள் நான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவளுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து பார்த்தபோதுதான், நாங்கள் இறக்கிவிட்ட வலையே எத்தனை உயரம் என்று தெரிந்தது.

நிம்மதியாகப் போய் வாருங்கள், உமையாள். இன்றைக்கும் நான் ஆடப் போகிறேன். நேற்று ஒரு வளையத்தைக்கூட என்னால் பிடிக்க முடியவில்லை.