மாத்திரை அட்டை ஆமை

தெலுங்கும் இந்தியும் கலந்து பேசும் குஷாய்குடாவில், எங்கள் அடுக்ககத்தின் மூன்றாம் மாடி மைதிலி மாமியின் கண்ணில் குப்பையைக் காட்டக் கூடாது. பால் பாக்கெட்டைக் கழுவித் தரச் சொல்வார். மறுநாள் அது ஜெல்லிமீனாகிக் கொடியில் தொங்கும். ஞாயிறுதோறும் வண்டி நிறுத்துமிடத்தில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குக் கைவேலை வகுப்பு. பாட்டில் மீன், மூடி நண்டு. நான் செய்த சுறாவின் வாயில் ஒரு பிய்ந்த செருப்பைச் செருகி வைத்தேன். “நிஜச் சுறா வயத்துல இதைவிட மோசமாக் கிடக்கும்டா” என்று முதல் பரிசே கொடுத்துவிட்டார். கேலி செய்யப் போனவன் பாடு இப்படி.

கடலே இல்லாத ஊரில் கடல் பாடம். ஏழு வயது ஹர்ஷிதா கேட்டேவிட்டாள். “நம்ம ஊர்ல சமுந்தரே லேது மாமி!”

“நீ வீசற கவர் நாலாச் சாக்கடையில போகும். நாலா மூசி நதியில, மூசி கிருஷ்ணாவுல. கிருஷ்ணா எங்கடி போறா, உங்காத்துக்கா?”

நவராத்திரிக்கு மாமி வீட்டுக் கொலுவில், குளம் வைக்கும் இடத்தில் கடல் வைத்தார். நடுவில் அவரே செய்த ஆமை. ஓடு முழுக்கக் காலி மாத்திரை அட்டைகள். கடைசி வருஷம் அனந்தராமன் மாமா விழுங்கியவை. மாமா போன பிறகும் மாமி ஒன்றைக்கூட எறியவில்லை. வெயில் ஏறினால் அந்த அட்டைகள் தாமாகவே ‘டிக்’ என்று நெளியும். சுண்டல் வாங்க வந்தவர்கள் சத்தம் வந்த பக்கம் திரும்புவார்கள். மாமி மட்டும் திரும்பிப் பார்க்காமல், “மாத்திரை போட்டுக்கறார்” என்பார்.

கொலுவை எடுக்கும் நாளில் பொம்மைகளைத் துணி சுற்றிப் பெட்டியில் அடுக்கினோம். ஆமையைக் காணோம். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். நியாயம்தான்.

“எங்கடா ஒளிச்சே? இதுல விளையாடாதே.” மாமி என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

ஹர்ஷிதா முன்னால் வந்தாள். “நான்தான் மாமி. காலைல டாடி பூஜைப் பூவைச் செருவுல, ஏரில, விடப் போனாரு. ஆமையையும் அந்தப் பையில போட்டு நானே தண்ணில விட்டேன். கணேஷை விடுறோம்ல? பூஜை முடிஞ்சப்புறம் ஆமைக்கு மட்டும் பெட்டி கைக்கு, எதுக்கு?”

கொலு பொம்மை தண்ணீருக்குப் போகாது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

மாமி செருப்புகூடப் போடாமல் ஏரிக்கு நடந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம்.

கரையோரம் பச்சைப் பாசி. அழுகிய சாமந்தி, தெர்மாகோல் கிரீடங்கள். மாமி முழங்கால் தண்ணீரில் இறங்கினார். “அவருக்குத் தனியா இருந்து பழக்கமில்லை” என்றார், யாரிடமும் இல்லை. வெள்ளியாக ஏதோ மின்னியது. பாய்ந்து எடுத்தார். மாத்திரை அட்டைதான், ஆனால் சர்க்கரை மாத்திரை; மாமாவுக்குச் சர்க்கரை கிடையாது. அடுத்ததில் வேறு பெயர். பாசியை விலக்க விலக்க, கரை நெடுக மின்னிக்கொண்டே போனது.

“உங்களுது எது மாமி?” ஹர்ஷிதா விம்மினாள்.

மாமி நிமிர்ந்தார். “எல்லார் ஆத்து மனுஷாளும் இங்கதாண்டி கிடக்கா.”

ஆமை கிடைக்கவில்லை. கரையேறும்போது மாமி, யாருடையதோ ஓர் அட்டையைத் தலைப்பால் துடைத்து, “தூக்கிப் போட்டுடாதே” என்று என் கையில் வைத்தார். அதில் ஒரு மாத்திரை போடாமலே இருந்தது.