பேர் இல்லாத கவர்

சனிக்கிழமை சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்த என் மகள் தூங்கவில்லை. ஸ்கிப்பிங் ஆடினாள்!

இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? எஸ்தர் ஏழாவது படிக்கிறாள். அவளுக்கு வலிப்பு உண்டு. மத்தியானம் ஸ்கூலில் ஒரு மாத்திரை போட வேண்டும். 'வேளை தவறவே கூடாதும்மா' என்று டாக்டர் மூன்று முறை சொல்லியிருக்கிறார். அதைப் போட்டால் வீட்டுக்கு வந்ததும் சோபாவில் சாய்ந்துவிடுவாள். அதுதான் வழக்கம்.

திங்கட்கிழமையும் ஸ்கிப்பிங். செவ்வாயும்.

"மாத்திர போட்டாங்களாடி?"

"துன்னேம்மா."

"என்னா கலரு?"

"வெள்ளதான். வேற இன்னா கலர்ல இருக்கும்?"

ஆபீஸில் மாத்திரை கொடுப்பவர் சுகுணா மேடம். நல்ல மனுஷிதான்... ஆனால் எப்போது பார்த்தாலும் கையில் போன். மறந்துபோய் ஏதாவது ஒரு மாத்திரையைக் கொடுத்துச் சமாளிக்கிறாரோ? எனக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சோறு இறங்காது. காய்கறிக்காரரின் தராசையே இரண்டு பக்கமும் சுற்றிப் பார்க்கிற ஆள் நான். மகள் மாத்திரை என்றால் விடுவேனா? சனிக்கிழமை காலை புது அட்டை கொடுத்தனுப்பும்போதே அதன் பின்னால் பேனாவால் சின்னச் சின்னப் புள்ளி வைத்திருந்தேன். யாருக்கும் தெரியாது.

புதன்கிழமை காலை ஆபீஸில் போய் நின்றேன். "எஸ்தர் மாத்திரையக் காட்டுங்க மேடம்."

சுகுணா மேடம் பீரோவைத் திறந்தார். உள்ளே ஏழெட்டு லட்டு கவர்!

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பதியில் எந்த வீட்டிலும் லட்டு கவருக்குப் பஞ்சமில்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம். இருந்தாலும் பக்கத்து வீடு, மேல் வீடு என்று யார் மலைக்குப் போய் வந்தாலும் பிரசாதம் வந்துவிடும். கவர் கதவுக்குப் பின்னால் சேர்ந்துவிடும். டிபன் பாக்ஸ், மல்லிகைப்பூ, மாத்திரை... எல்லாம் அதில்தான் பயணம்.

அவர் ஒரு கவரை எடுத்து நீட்டினார். அட்டையைத் திருப்பினேன்.

புள்ளி இல்லை.

"இது எங்க மாத்திரையே இல்ல! என்னத்தக் கொடுத்தீங்க எம் பொண்ணுக்கு?" என்று கத்தினேன். பக்கத்து கிளாஸில் பாடம் நின்றது.

சுகுணா மேடம் தெலுங்கும் தமிழுமாகப் பதறினார். "அய்யோ, ஏமண்டி இது!" என்று இன்னொரு கவரைப் பிரித்தார். அதில் இருந்தது என் புள்ளி வைத்த அட்டை. மூன்று மாத்திரை குறைந்திருந்தது.

அதை லாவண்யாவின் கவர் என்று நினைத்திருந்தாராம். கையை உடைத்துக்கொண்டு கட்டுப் போட்டிருந்த பிள்ளை. சனிக்கிழமைதான் அவள் அம்மா கால்சியம் மாத்திரை கொடுத்தனுப்பியிருக்கிறார். அதை என் மகள் தின்றிருக்கிறாள். என் மகளின் மாத்திரையை லாவண்யா தின்றிருக்கிறாள்.

"எப்படி மேடம் மாறும்? எல்லாத்துலயும் பேர் ஒட்டியிருக்கே?"

"ரெண்டுல இல்ல மேடம்," என்றார் மெதுவாக. "அந்தம்மா அவசரத்துல எழுதல. அடுத்தது உங்களுது. ஜூன்லயே உங்களுக்கு ஸ்டிக்கர் கொடுத்தேன். பேரு, கிளாஸு, என்ன ப்ராப்ளம்னு எழுதிக் கொடுங்கன்னேன். நீங்க கொடுக்கவே இல்ல. பேர் இல்லாத கவர்தான் எஸ்தருதுன்னு அடையாளம் வச்சிக்கினு இருந்தேன்."

அந்த ஸ்டிக்கரை நான் தொலைக்கவில்லை. கிழித்துப் போட்டேன். பீரோவை யார் யார் திறப்பார்களோ? யார் படிப்பார்களோ? நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் காதுக்குப் போய்விட்டால்? மகள் ஏழாவதுதான் படிக்கிறாள்... இருந்தாலும்!

இரண்டு பிள்ளைகளையும் அப்போதே டாக்டரிடம் கூட்டிப் போனோம். இரண்டு பேருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த மூன்று நாளில் எஸ்தர் மாடிப்படியில் இறங்கும்போது வலிப்பு வந்திருந்தால்?

கிளினிக் பெஞ்சில் லாவண்யாவின் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நகரி ஊர்க்காரர். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"மூணு நாளா புள்ள தூங்கிக்கினே இருந்துச்சுக்கா. கணக்கு சார் பெஞ்சு மேல ஏத்தி நிக்க வச்சாராம். நான் எதிர்வூட்டுக்காரி கண்ணுதான் பட்டுச்சுன்னு மொளகா சுத்திப் போட்டேன். அவகிட்ட பேசறதையே நிறுத்திட்டேன்," என்றார். பிறகு கேட்டார்: "உங்க பாப்பாக்கு இன்னாக்கா?"

"ஃபிட்ஸ்," என்றேன். குடும்பத்துக்கு வெளியே ஒருவரிடம் முதல்முறையாக.

"எங்க தம்பிக்கும் இருந்துச்சு. இப்ப லாரி ஆபீஸ் நடத்தறான். ரெண்டு புள்ளைங்க," என்று சொல்லிவிட்டு, லாவண்யாவுக்கு பிஸ்கட் பிரித்துக் கொடுத்தார்.

அவ்வளவுதான். இதற்குத்தான் இத்தனை வருஷம் பயந்தேன்.

வாராவாரம் இந்தப் பேப்பரில் உங்களிடம் ஊர்க்கதை முழுக்கப் பேசுகிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. எழுதட்டுமா என்று நேற்று எஸ்தரிடமே கேட்டேன். சோபாவில் கண் சொக்கியபடி சொன்னாள்:

"எழுதிக்கோ. ஆனா பேப்பர்ல எழுதறவ, மொதல்ல கவர்ல எழுதியிருக்கலாமில்ல?"