துரோகி பாட்டுக்காரர்

விழுப்புரத்தில் பஸ் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தவரை உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. காதலித்தவள் துரோகம் செய்துவிட்டாள் என்று அவரே எழுதி, யூடியூபில் அழுது பாடிய ‘துரோகி’ பாட்டுதான் எங்கள் பக்கத்து ஷேர் ஆட்டோக்களில் எல்லாம் ஓடுகிறது. கறுப்புக் கண்ணாடி, சாயமடித்த முடி. நிமிடத்துக்கொரு தரம் செல்போனில் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டார்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். “திண்டிவனத்துல, என் பாட்டுல வர்றாளே, அவ பொண்ணுக்குக் காதுகுத்துங்க. பாடத்தான் போய்க்கினு இருக்கேன். அந்தப் பாட்டுதான் வேணும்னு அவ வீட்டுக்காரரே கேட்டிருக்காரு.”

“அது அவங்களைப் பத்தின பாட்டுன்னு அவருக்குத் தெரியுமா?”

“அவளுக்கே தெரியாதுங்க. ஆசைப்பட்டத நான் அவகிட்ட சொன்னதே இல்ல.”

“அப்ப அவங்க என்னங்க துரோகம் பண்ணாங்க?”

கண்ணாடியைக் கழற்றி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

“சொல்லாமலே புரிஞ்சிருக்கணும் இல்லீங்களா?”

திண்டிவனத்தில் இறங்கியதும் நாலு பேர் செல்ஃபிக்குச் சூழ்ந்துகொண்டார்கள். அன்று அந்தப் பெண்ணும் மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்து, தன்னைத் திட்டும் பாட்டுக்குக் கைதட்டியிருப்பாள்.